உயர்த்தப்பட்ட வாகனமும் தாழ்ந்துபோன பொறுப்பும்



நம் ஊர்களில் சில ஆண்டுகளாகப் பரவிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெரிய எஸ்.யு.வி. ஒன்றை வாங்குகிறார்கள். சில மாதங்களிலேயே அதன் நல்ல டயர்களைக் கழற்றிக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, முரட்டுப் பட்டன் கொண்ட ஆல்-டெர்ரெய்ன் டயர்களைப் பூட்டுகிறார்கள். அதோடு நிற்பதில்லை. ‘லிஃப்ட் கிட்’ என்ற பெயரில் சஸ்பென்ஷனை மாற்றி, வண்டியை இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ உயர்த்துகிறார்கள். இவ்வளவும் செய்த பிறகு அந்த வண்டி எங்கே போகிறது? பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் நிக்காஹ் மண்டபத்துக்கும் போகிறது. ஆண்டில் சில முறை நெடுஞ்சாலை வழியே சென்னைக்குப் போகிறது. மலையும் பாறையும் சேறும் அதன் சக்கரத்தில் பட்டதே இல்லை.

என் கருத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆல்-டெர்ரெய்ன் டயர் சிலருக்கு உண்மையிலேயே தேவை. அவர்கள் அதைத் தேர்ந்து வாங்குவதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குள்ளும் தார்ச்சாலையிலும் மட்டும் ஓடுகின்ற குடும்ப வாகனத்தை உயர்த்துவது தவறு. அது வீண்செலவு என்பது சிறிய காரணம். அது நம் பிள்ளைகளின் உயிரையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் உயிரையும் ஆபத்தில் நிறுத்துகிறது என்பதே பெரிய காரணம்.

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு டயரிலும் ஸ்பிரிங்கிலும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மாலை நேரம் மக்தப் விடும்போது ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் கூட்டமாக வாசலுக்கு ஓடி வருகிறார்கள். அதே வாசலில்தான் இந்த உயரமான வாகனங்கள் இயங்கிக்கொண்டே நிற்கின்றன. அந்தக் குழந்தைகள் வீடு சேரும் வரை எங்கள் பொறுப்பிலும் இருப்பவர்கள். ஆகவே இதைப் பேசுவது எனக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் ஆகும்.

முதலில் டயரைப் பற்றி

பெரிய எஸ்.யு.வி.க்கான டயர்களை மூன்று வகையாகச் சொல்லலாம். தார்ச்சாலைக்கானது ஹைவே டெர்ரெய்ன். சேற்றுக்கும் பாறைக்குமானது மட் டெர்ரெய்ன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஆல்-டெர்ரெய்ன். ‘எல்லா நிலத்துக்கும் உரியது’ என்று பெயர் இருப்பதால், எல்லாவற்றிலும் சிறந்தது என்று மக்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது எல்லாவற்றிலும் சிறிது விட்டுக்கொடுக்கும் டயர்.

அதன் பட்டன்கள் பெரியவை. அவற்றுக்கு இடையிலான பள்ளங்கள் அகலமானவை. மண்ணையும் சரளையையும் கவ்விப் பிடிக்க அந்தப் பள்ளங்கள் உதவுகின்றன. ஆனால் பள்ளம் கூடும் அளவுக்கு, தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. இதனால் மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால், நல்ல ஹைவே டயரைவிடப் பொதுவாக நீண்ட தூரம் ஓடித்தான் வண்டி நிற்கும். இரைச்சல் கூடும், டீசல் செலவும் கூடும். பக்கச்சுவர் தடித்த, பாரவண்டிக் கட்டுமானம் கொண்ட வகையை வாங்கினால், ஒவ்வொரு சக்கரத்திலும் பல கிலோ எடை ஏறும். அந்த எடையைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

வால்பாறையிலோ மேகமலையிலோ தோட்டம் வைத்திருப்பவருக்கும், நாள்தோறும் கரடான மண்பாதையில் தோப்புக்குச் செல்பவருக்கும் இந்த விட்டுக்கொடுப்பு நியாயமானது. கூரிய கல் பக்கச்சுவரைக் கிழித்துவிடாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியம். வாரம் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடுபவர், ஈரச்சாலையில் விரைவாக நிற்கும் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, போகாத காட்டுக்கான பிடிமானத்தை வாங்குகிறார். இது எந்த வியாபாரக் கணக்கிலும் இலாபம் ஆகாது.

அளவைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். நம்மிடையே மிகவும் விரும்பப்படும் டொயோட்டா ஃபார்ச்சூனரின் நான்கு சக்கர இயக்க வகைக்கு நிறுவனம் தந்த டயர் 265/60 ஆர்18. இதன் மொத்த உயரம் 775 மி.மீ. கடைக்காரர் ‘ஒரு சைஸ் ஏற்றிப் போடுங்கள்’ என்று 265/65 ஆர்18 டயரைப் பூட்டினால், உயரம் 802 மி.மீ. ஆகிறது, 3.4 சதவீதம் கூடுதல். 285/65 ஆர்18 பூட்டினால் 828 மி.மீ.; ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. ஆகவே மீட்டரில் அதே 100 இருக்கும். வண்டியோ முன்பு அந்த 100-இல் ஓடியதைவிட 3 அல்லது 7 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். ஓட்டுபவர் தாம் வரம்புக்குள் செல்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.

லிஃப்ட் எதை உயர்த்துகிறது?

உயரம் கூட்டினால் அடிப்பகுதி எதிலும் இடிக்காது என்பதுதான் லிஃப்ட் போடுபவர்கள் சொல்லும் முதல் காரணம். இதில் பாதி உண்மையே உண்டு. ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளின் பின்பக்கம் ஒரே திடமான ஆக்சில் இருக்கிறது. அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல்தான் பின்பக்க அச்சில் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். ஸ்பிரிங்கை நீளமாக்கினால் உடலும் ஃபிரேமும் உயரும். அந்த ஆக்சில் உயராது. அது சக்கரத்தோடு பிணைந்தது. அதை உயர்த்த வேண்டுமானால் டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். டயரின் உயரம் 26 மி.மீ. கூடினால் ஆக்சில் அதில் பாதி, அதாவது 13 மி.மீ. மட்டுமே உயரும். ஆக, இலட்சங்கள் செலவழித்து உயர்த்திய வண்டியின் டிஃபரென்ஷியல், கல்லின் மேல் ஏறும்போது ஒரு விரற்கடை அளவுகூட உயர்ந்திருக்காது.

லிஃப்ட் உண்மையிலேயே உதவும் இடம் ஒன்று உண்டு. செங்குத்தான மேட்டில் ஏறும்போது முன் பம்பரும், மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வயிற்றுப்பகுதியும், இறங்கும்போது பின் பம்பரும் இடிக்காமல் அது காக்கும். பாறையும் ஓடையும் கடந்து செல்பவர்களுக்கு இது தேவை. நம் தெருவின் வேகத்தடையை ஒரு சிறிய ஹேட்ச்பேக் கார் ஐந்து பேரோடு கடந்து போகிறது. அந்த வேகத்தடைக்காக இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள எஸ்.யு.வி.யை உயர்த்த வேண்டும் என்பதை எப்படி ஏற்பது?

உயர்த்துவதன் பின்விளைவுகளையும் கடைகளில் முழுமையாகச் சொல்வதில்லை. முன்பக்கச் சஸ்பென்ஷன் இரு சக்கரங்களுக்கும் தனித்தனியே இயங்குவது. அதை உயர்த்தும்போது, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் ஆக்சில் தண்டு சாய்வான கோணத்துக்குத் தள்ளப்படுகிறது. அதன் இணைப்புகளும் அவற்றை மூடியிருக்கும் ரப்பர் பூட்டுகளும் விரைவில் தேய்ந்து கிழிகின்றன. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப உதவும் ‘கேஸ்டர்’ கோணம் குறைகிறது. அதைச் சரிசெய்ய வேறு மேற்கை பொருத்த வேண்டியிருக்கும். பிரேக் ஹோஸின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டை முழுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும். மலிவாக முடிக்க நினைப்பவர்கள், ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு அலுமினியத் துண்டை வைத்து உயர்த்திவிடுகிறார்கள். அதில் உயரம் மட்டும் கிடைக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு மிச்சமிருக்கும் இடம் குறைந்துபோகிறது. கரடான பாதைக்காகச் செய்த வேலை, கரடான பாதையிலேயே வண்டியைக் கெடுக்கிறது.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அது சரிதானா என்று மூன்று வகையில் ஆராய்வோம்.

முதலாவது, கவிழ்தல். ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை மதிப்பிட, அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஒரு எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையிலான அகலத்தில் பாதியை எடுத்து, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும். உதாரணத்துக்கு அகலம் 155 செ.மீ., ஈர்ப்பு மையம் 75 செ.மீ. உயரத்தில் என்று கொண்டால், விடை 1.03. அதே வண்டியின் ஈர்ப்பு மையத்தை 5 செ.மீ. உயர்த்துங்கள், விடை 0.97. தாய், தந்தை, பிள்ளைகள், பாட்டி என்று ஏழு பேரை ஏற்றி, கூரைமேல் பெட்டிகளையும் கட்டினால் அந்த எண் இன்னும் இறங்கும். நெடுஞ்சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்து, ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்து, ஒரு பக்கச் சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கும் அந்த விநாடியில்தான் இந்தக் கணக்கின் பொருள் விளங்கும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை நிறுவனம் தன் பழைய உயரத்துக்கும் பழைய டயருக்கும் ஏற்றபடிதான் சோதித்து அமைத்திருக்கிறது. நாம் மாற்றிய வண்டியை யாரும் சோதித்ததில்லை. முதல் சோதனையைச் செய்பவர்கள் அதில் உட்கார்ந்திருக்கும் நம் குடும்பத்தார்தாம்.

இரண்டாவது, முன்னால் நிற்கும் குழந்தை. இதுதான் என்னை எழுதத் தூண்டியது. ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து 160 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பானட்டின் முன்விளிம்பு 110 செ.மீ. உயரத்தில், கண்ணிலிருந்து 180 செ.மீ. முன்னால் இருக்கிறது என்று கொள்வோம். 90 செ.மீ. உயரமுள்ள ஒரு சிறு குழந்தை, பம்பரிலிருந்து 72 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் அதன் உச்சந்தலைகூட ஓட்டுபவருக்குத் தெரியாது. இப்போது லிஃப்டினால் 50 மி.மீ., டயரினால் 13 மி.மீ. என்று வண்டியை உயர்த்துங்கள். அந்த மறைவிடம் 95 செ.மீ. ஆக நீள்கிறது. அதாவது, முன்பு கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஒரு குழந்தை நிற்க அங்கே புதிதாக இடம் உண்டாகிறது. ‘நான் கவனமாக ஓட்டுபவன்’ என்ற பதில் இங்கே செல்லாது. கவனம் என்பது கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது. தெரியாததை எந்தக் கவனமும் பார்க்காது.

மோதிய பிறகு நேர்வதும் வேறுபடுகிறது. தாழ்ந்த கார் ஒருவரைக் காலில் தாக்கி பானட்டின் மேல் சாய்க்கும். உயர்ந்த முகப்பு நெஞ்சிலும், குழந்தையானால் தலையிலும் தாக்கிக் கீழே தள்ளும். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐ.ஐ.எச்.எஸ்., 2023 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிவான முகப்பும் கொண்ட வாகனங்களோடு, 40 அங்குலத்துக்கு மேல் பானட் உயரம் கொண்டவற்றை அது ஒப்பிட்டது. பாதசாரி மீது மோதும்போது உயர்ந்தவற்றால் மரணம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. 40 அங்குலம் என்பது 102 செ.மீ. பெரிய எஸ்.யு.வி.க்கள் கடையிலிருந்து வரும்போதே இந்த அளவை ஒட்டியோ தாண்டியோ வருகின்றன. அதன் மேலும் உயர்த்த வேண்டும் என்று நாம் பணம் கொடுக்கிறோம்.

மூன்றாவது, எதிரே வருபவரின் கண். ஹெட்லைட்டை டிம் செய்தால், அதன் ஒளி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு செ.மீ. தாழ்ந்து செல்லும்படி பொதுவாக அமைப்பார்கள். வண்டியின் முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. உயர்த்துவோர் பலர் இருக்கிறார்கள். ஃபார்ச்சூனரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம் 2745 மி.மீ. கணக்குப் போட்டால், வண்டி ஒரு மீட்டருக்கு 1.8 செ.மீ. வீதம் மேல்நோக்கிச் சாய்கிறது. தாழ்ந்து போக வேண்டிய டிம் ஒளி இப்போது மேல்நோக்கிப் போகிறது. எதிரே டூவீலரில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வரும் ஏழைச் சகோதரரின் கண்ணை அது நேராகக் குருடாக்குகிறது. லிஃப்ட் போட்ட பின் ஹெட்லைட்டை மறுபடி தாழ்த்தி அமைத்தவர்கள் எத்தனை பேர் என்று அவரவரே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

‘வெள்ளம் வந்தால் உதவுமே!’

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலால் சென்னையும் பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் வெள்ளத்தில் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அதைச் சொல்லி, ‘உயரமான வண்டி அவசியம்’ என்று வாதிடுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். 50 மி.மீ. லிஃப்ட் என்பது இரண்டு அங்குலம். வெள்ளம் இரண்டு அங்குலக் கணக்கில் வருவதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதைத் தீர்மானிப்பது காற்று உள்ளிழுக்கும் குழாயின் உயரம். அது டயரின் பட்டனைப் பொறுத்தது அல்ல. ஓடும் நீர் இரண்டு அடி ஆழம் இருந்தாலே எஸ்.யு.வி.யையும் பிக்கப் வண்டியையும் இழுத்துச் சென்றுவிடும் என்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. உயரம் தரும் துணிச்சலில் வெள்ளத்துக்குள் வண்டியை இறக்குபவர், குடும்பத்தோடு மீட்கப்பட வேண்டியவராக மாறுகிறார். அந்த நாட்களில் மக்களைக் காப்பாற்றியவை மீனவச் சகோதரர்களின் படகுகள். லிஃப்ட் கிட்டுக்குக் கொடுக்கும் தொகையை ஊரின் மீட்புப் பணிக்குக் கொடுத்திருந்தால், அடுத்த மழைக்கு அது உண்மையிலேயே பயன்படும்.

‘பாலைவனத்தில் ஓட்டியவன் நான்’

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பிய சகோதரர்கள் பலர், அங்கே லேண்ட் க்ரூஸரும் நிசான் பேட்ரோலும் மணல்மேடுகளில் ஏறியதைக் கண்டு இந்த ஆசையைக் கொண்டுவருகிறார்கள். அங்கே கற்க வேண்டிய பாடம் வேறு. மணலில் இறங்கும் முன் அனுபவசாலிகள் முதலில் செய்வது டயரின் காற்றைக் குறைப்பதுதான். சாலையில் 33, 35 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர்கள் அதை 15, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குகிறார்கள். டயர் அகன்று விரிந்து, மணலில் புதையாமல் மிதக்கிறது. முரட்டுப் பட்டன் மணலைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்ளும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். திரும்பி வரும்போது மறக்காமல் காற்றை நிரப்பித்தான் தார்ச்சாலையில் ஏறுகிறார்கள். எந்த நிலத்துக்கு என்ன தேவை என்று அறிந்து நடப்பதே அங்குள்ள திறமை. அந்த அறிவை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் விமானத்தில் ஏற்றிவந்தால் என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பது, நாம் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதாகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தி நிறுவனம் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று உரிமையாளரைப் பொறுப்பாக்கினார்கள். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. அப்போது கடையில் லிஃப்ட் போட்டுக் கொடுத்தவர் வந்து நிற்கமாட்டார்.

‘என் பணம், என் விருப்பம்’

இந்த வாதத்துக்குத்தான் மார்க்கத்தின் பக்கமிருந்து விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஃபத்வா வழங்கும் நிலையில் இருப்பவன் அல்லன். இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாதிபி போன்ற மேதைகள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்திருப்பதை நாங்கள் வகுப்பில் கற்பிக்கிறோம். உயிர் போன்றவற்றைக் காக்கும் அத்தியாவசியம் ளரூரிய்யாத். வாழ்வின் சிரமத்தை நீக்கும் தேவை ஹாஜிய்யாத். அழகும் நயமும் சேர்ப்பது தஹ்ஸீனிய்யாத். மூன்றாவதும் அனுமதிக்கப்பட்டதே, நல்ல வாகனமும் அழகும் அல்லாஹ்வின் அருட்கொடைகளே. ஆனால் கீழ்ப்படியில் உள்ளது மேற்படியில் உள்ளதை அழிக்குமானால், கீழ்ப்படிக்கு இடமில்லை.

தோட்டத்துக்குப் போகிறவரின் ஆல்-டெர்ரெய்ன் டயர் ஹாஜத். அளவோடு வாங்கிய அலாய் வீல் தஹ்ஸீன். குழந்தையைக் கண்ணிலிருந்து மறைத்து, குடும்பத்தைக் கவிழும் ஆபத்தில் உட்காரவைத்து, எதிரே வருபவரின் பார்வையைப் பறிக்கும் அலங்காரம் உயிர்ப் பாதுகாப்பையே உடைக்கிறது. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானோடு சேர்த்துக் கற்கும் சமுதாயம், அதே பாதையில் தானே ஒரு தீங்கை ஓட்டிச் செல்லலாமா?

ஐந்து டயரும் கிட்டும் கூலியுமாக 2 இலட்சம் ரூபாயை எளிதில் தாண்டிவிடும் செலவு இது. அதே வண்டியில் ஏற முடியாமல் வயதான உம்மாவை இருவர் தூக்கிவிட வேண்டியிருப்பதையும் காண்கிறோம். பெற்றவளுக்கு எட்டாத உயரம் யாருக்காக? உண்மையைச் சொன்னால், பெரும்பாலான லிஃப்ட்கள் பாதைக்காகப் போடப்படுவதில்லை, பார்ப்பவர்களுக்காகப் போடப்படுகின்றன. இஸ்ராஃப் என்ற வீண்விரயமும் பெருமை என்ற நோயும் சேரும் இடம் இதுதான்.

தேவையுள்ளவர்கள் எப்படித் தேர்வது?

உண்மையான தேவை உள்ளவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

ஓராண்டில் உங்கள் வண்டி எந்தப் பாதையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்கு தார்ச்சாலை என்றால் நல்ல ஹைவே டயரே போதும். மண்பாதை கணிசமாக இருந்தால், பட்டன் நெருக்கமாக அமைந்த மிதமான ஆல்-டெர்ரெய்ன் வகையைத் தேர்ந்தெடுங்கள். அளவை மாற்றாதீர்கள், நிறுவனம் உங்கள் மாடலுக்குக் குறித்த அளவிலேயே வாங்குங்கள். டயரின் பக்கத்தில் உள்ள பாரக் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. 110 என்று இருந்தால், ஒரு டயர் 1060 கிலோ தாங்கும் என்று பொருள். தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கையும் ஒரே வகையாக மாற்றி, ஸ்டெப்னியையும் அதே அளவில் வையுங்கள். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் வெவ்வேறு உயரமுள்ள டயர்கள் கியர் அமைப்பையே கெடுக்கும். மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். பட்டன் தேய்ந்து 1.6 மி.மீ. குறியைத் தொடும் வரை காத்திராமல், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

வண்டி தாழ்ந்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் லிஃப்டைத் தேடும் முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தளர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். பழைய உயரத்துக்குரிய புதிய பாகங்களைப் போட்டாலே பலரின் குறை தீர்ந்துவிடும். மலைத்தோட்டத்தில் அடிப்பகுதி உண்மையிலேயே இடிக்கிறது என்றால், முதலில் அடிப்பாகத்துக்குத் தகடு அடித்துப் பாதுகாப்புச் செய்யுங்கள். அதுவும் போதாதபோது மட்டும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, முன்னும் பின்னும் சேர்த்த முழுமையான கிட்டை, 50 மி.மீ.க்கு மிகாமல் போடுங்கள். அன்றே அலைன்மென்ட்டும் ஹெட்லைட் கோணமும் சரிசெய்யப்பட வேண்டும். அந்த வண்டியைக் குழந்தைகள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவருவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

தந்தையரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் காணொளிகளைக் காட்டி வண்டியை உயர்த்தச் சொல்லும்போது, ஒரு நாள் அவனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவையுங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை நீங்கள் வாங்கிக்கொண்டு, 90 செ.மீ. உயரக் குச்சி ஒன்றைப் பம்பருக்கு முன்னால் நட்டு, அது தெரிகிறதா என்று கேளுங்கள். அறிவுரையால் மாறாத மனம் அந்தக் குச்சியால் மாறலாம்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல், மதரஸா வாசல்களில் குழந்தைகள் வெளியேறும் நேரத்தில் பெரிய வாகனங்கள் சற்றுத் தள்ளி நிற்கட்டும். பிள்ளைகள் நடந்துபோய் ஏறிக்கொள்ளட்டும். இதற்குச் செலவேதும் இல்லை. ஒரு பலகையும், அதை மதிக்கும் மனமும் போதும்.

வாகனம் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானத். அதில் ஏறும் நம் குடும்பமும், அது கடந்துபோகும் தெருவில் நடப்பவரும் அந்த அமானத்தில் அடக்கம். நாம் செலவழித்ததைப் பற்றியும், நம் செலவால் பிறருக்கு நேர்ந்ததைப் பற்றியும் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு என்பதை நினைவில் வைத்து, டயர் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்துவோமாக. அல்லாஹ் நம் பயணங்களையும் நம் பிள்ளைகளையும் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.